ஏழாம் உத்தரவு

மக்குர்டி
ஜனவரி 17

அன்புள்ள தம்பி லூபருக்கு,

ஜெனரல் என்றால் எதிரி என்று ஒரு நாடு வேண்டும், இனிமேல் லூபருக்கு எதிரி யார் என்று அக்பெர் மாமா என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இருபது வருடமாகப் பல்கலைக்கழகத்தில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறவள் தெரியாது என்று ஒப்புக்கொண்டதில் அவருக்கு ஏக சந்தோஷம். புருகுத்துச் சோளக் கள் குடுவையை ஒரே மூச்சில் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தார்.

இங்கே எல்லோரும் சுகம். ஹர்மட்டான் காற்றின் புழுதியில் எனக்கு இருமல், ஊருக்கே இருமல். உன் வீட்டில் டூஷிமாவுக்கு ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? உப்பைக் குறைக்கச் சொல்.

செய்தியை வானொலியில்தான் கேட்டேன். நீ லைபீரியாப் போரிலிருந்து திரும்பியதும் ஒரு படைப்பிரிவைத் தருவார்கள் என்று நினைத்திருந்தேன். போதைப்பொருள் தடுப்பு முகமையைத் தந்திருக்கிறார்கள். கை சுத்தமானவனை அப்படிப்பட்ட நாற்காலியில் உட்காரவைப்பது அவனை உயர்த்தவா, ஓரமாக வைக்கவா என்பது ஒரு வருடம் போனால்தான் தெரியும். வாழ்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் இப்படி எழுதுகிறேன் என்று கோபிக்காதே. வாழ்த்தும் உண்டு.

ஒரு வேண்டுகோள். நம் சின்னவன் டெர்னாவுக்கு முப்பத்தொன்று முடிந்துவிட்டது. மின்சார டிப்ளமோ வாங்கி இரண்டு வருடமாக என் வீட்டில்தான் இருக்கிறான். தெருவில் உள்ளவர்களின் ரேடியோவையெல்லாம் இலவசமாகப் பழுதுபார்க்கிறான். அம்மா போனபோது அவனுக்கு நாலு வயது. அவனைத் தூக்கி வளர்த்தேனே தவிர, எங்கேயும் சேர்த்துவிட என்னால் முடியவில்லை. உன் முகமையில் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளவாவது ஒரு ஆள் வேண்டியிருக்குமே. யோசித்துப் பார்.

உன் அக்கா,
கஷிமானா


லாகோஸ்
பிப்ரவரி 9

அன்புள்ள அக்கா,

உங்கள் இருமல் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே புழுதி இல்லை, வியர்வைதான். டூஷிமா உப்பைக் குறைத்துவிட்டாள். எனக்கும் சேர்த்துக் குறைத்துவிட்டாள்.

இந்த அலுவலகத்தைப் பற்றி நேரில்தான் சொல்ல வேண்டும். நான் வந்த அன்று பிடிபட்ட சரக்கை எடைபோடும் தராசு காணவில்லை. மறுநாள் சரக்கே காணவில்லை. முதல் வாரத்தில் பதினான்கு பேரை வீட்டுக்கு அனுப்பினேன். பொட்டலங்களை விழுங்கிக்கொண்டு விமானம் ஏற வருகிறவர்களைப் பிடித்தால் கண்காணிப்பு அறையில் வைப்போம். வயிற்றிலிருப்பது எல்லாம் வெளியே வரும்வரை அங்கேதான் இருக்க வேண்டும். எனக்கு முன்பிருந்தவர் காலத்தில் இரண்டு பேர் வயிற்றுவலி என்று உருண்டிருக்கிறார்கள். தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லி டைரக்டரின் குரலில் யாரோ தொலைபேசியில் பேசியிருக்கிறார்கள். கொண்டுபோனார்கள். ஜன்னல் வழியாகப் போய்விட்டார்கள்.

இப்போது ஒன்பது உத்தரவுகள் போட்டு எல்லா அறைச் சுவரிலும் ஒட்டியிருக்கிறேன். அதில் ஏழாவது: டைரக்டர் தன் கைப்பட எழுதிக் கையெழுத்திட்ட அனுமதி இல்லாமல் எந்தக் கைதியும், எந்தக் காரணத்துக்காகவும், கண்காணிப்பு அறையை விட்டு வெளியே போகக் கூடாது. போன மாதத்திலிருந்து ஒருவன்கூடத் தப்பவில்லை.

டெர்னா விஷயம். அக்கா, நான் உள்ளே கொண்டுவரும் முதல் ஆள் என் சொந்தத் தம்பியாக இருந்தால் அந்த ஒன்பது தாளையும் அவர்களே கிழித்து எறிவார்கள். வேறு துறையில் இருப்பவர்களிடம் சிபாரிசுக்குப் போனாலும் நாளைக்கு அவர்கள் என்னிடம் வருவார்கள். அவனிடம் பொறுமையாக இருக்கச் சொல்லுங்கள். அவன் வருத்தப்படுவான் என்று தெரியும். எனக்கும் வருத்தம்தான்.

அன்புடன்,
லூபர்


மக்குர்டி
மார்ச் 20

அன்புள்ள லூபர்,

இருமல் போய்விட்டது. முதல் மழையும் வந்துவிட்டது. நீ சுகம்தானே?

உன் கடிதத்தை டெர்னா படித்தான். படித்து, மடித்து, உறைக்குள் போட்டுவிட்டு, “அண்ணன் சுவத்துல ஒட்டின உத்தரவுல எனக்கும் ஒண்ணு இருக்கு போல. பத்தாவது” என்றான். அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். அவன் சிரித்தால் எனக்குப் பயம் என்று உனக்குத் தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை லாகோஸுக்குப் பஸ் ஏறிவிட்டான். துணி வியாபாரம் செய்யும் ஒரு சிநேகிதன் வேலை வாங்கித் தருகிறானாம். வெளிநாடாகக்கூட இருக்கலாம் என்றான். கிளம்பும் முன் சில தாள்களை என்னிடம் கொண்டுவந்தான். அதைப் பற்றி நேரில் சொல்கிறேன்.

மே பதினான்காம் தேதி சனிக்கிழமை நம் ஊர் பொகோவில் உனக்கு வரவேற்பு என்று முடிவாகிவிட்டது. அப்பா வழிக்காரர்கள் ஒரு மாடு, மாமா வழிக்காரர்கள் ஒரு மாடு. யார் மாடு பெரியது என்று இப்போதே சண்டை. நீ மூன்று நாளாவது தங்க வேண்டும். வேலை இருக்கிறது என்று சொல்லிவிடாதே. நம் குடும்பத்தில் முதல் ஜெனரல் நீதான்.

அக்கா,
கஷிமானா


லாகோஸ்
ஏப்ரல் 26

என் அக்காவுக்கு,

டெர்னா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்கும் ஒன்றுமில்லை, கொசுதான் நிறைய. உங்கள் முட்டிவலி எப்படி? மாடிப்படி ஏறாதீர்கள். மாணவர்களைக் கீழே வரச் சொல்லுங்கள்.

சைமன் அடே உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னான். நீங்கள் சான்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அதே சைமன் அடேதான். பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது. படத்தில் என்னைப் போலவே இருக்கிறான், ஆனால் என்னைவிட ஒழுங்கானவன் என்று முகத்திலேயே தெரிகிறது. அவனுக்கு ஜெனரல் அண்ணன் யாரும் கிடையாது. விமான நிலையத்தில் அவன் பெயரைப் பார்த்து யாரும் சல்யூட் அடிக்கப் போவதில்லை, சந்தேகப்படப் போவதுமில்லை. நம் குடும்பப் பெயரை நீட்டினால் இந்த இரண்டில் ஒன்று நடக்கும். அதனால்தான் உங்களைத் தொந்தரவு செய்தேன். நீங்கள் அரை மனதோடு போட்டீர்கள் என்று தெரியும். இன்னும் கோபமா?

மே பன்னிரண்டு, வியாழக்கிழமை விமானம். ஹாம்பர்க்கில் ஒரு தொழிற்சாலை. டிக்கெட்டை அவர்களே எடுத்துவிட்டார்கள், சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்களாம். இந்தத் துணி வியாபாரியின் வீட்டில் நல்ல சாப்பாடு. நேற்று இடித்த வள்ளிக்கிழங்கும் எள்ளுக் குழம்பும். நான் உருட்டி உருட்டி உள்ளே தள்ளுவதைப் பார்த்துவிட்டு அந்த அம்மா, “உங்க டிவ் இனத்துப் பையனுங்களே இப்பிடித்தான். ஒரு கடி கிடையாது. நல்லா விழுங்குறே, தம்பி” என்றார். கிழங்கை யாராவது மெல்லுவார்களா, அக்கா?

அண்ணனிடம் எதுவும் சொல்லாதீர்கள். போய்ச் சேர்ந்து, முதல் சம்பளம் வாங்கி, அவருக்கு ஒரு நல்ல கைக்கடிகாரம் அனுப்புவேன். அனுப்பியவன் யாரென்று அவரே கண்டுபிடிக்கட்டும். வரவேற்பில் நான் இல்லையே என்று யாராவது கேட்டால் தூங்குகிறான் என்று சொல்லுங்கள். எல்லோரும் நம்புவார்கள்.

உங்கள் டெர்னா


லாகோஸ்
மே 24

அன்புள்ள அக்கா,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். எல்லோரும் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

பொகோவில் அந்த மூன்று நாளும் எனக்கு இருபது வயதுபோல இருந்தது. நம்மவரின் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட துணியைப் போர்த்தி, குதிரைவால் சாமரத்தைக் கையில் கொடுத்தபோது அதைத் தலைகீழாகப் பிடித்துவிட்டேன். நீங்கள் பார்த்தீர்கள், ஆனால் கேலி செய்யவில்லை. நன்றி. டெர்னாதான் கண்ணில் படவில்லை. தூங்குகிறான் என்றீர்கள். அவன் என் மேல் கோபமாக இருக்கிறான் என்பது எனக்குத் தெரியாதா?

மேடையில் நடனம் நடந்துகொண்டிருந்தபோது படை முகாமிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது நினைவிருக்கும். என்ன என்று கேட்டீர்கள். லாகோஸில் ஒருத்தனுக்கு வயிற்றுவலி என்றேன். வியாழக்கிழமை விமான நிலையத்தில் பிடித்த ஆள். மருத்துவமனைக்குக் கொண்டுபோக அனுமதி கேட்டு எங்கள் மருத்துவர் கம்பியில்லாச் செய்தி அனுப்பியிருந்தார். பின்பக்கத்தில் “திங்கள்வரை பொறுக்கவும்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அது நடிப்பு என்றுதான் நினைத்தேன். ஆனால் அது நிஜம். வயிற்றுக்குள் ஒரு பொட்டலம் பிரிந்துவிட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை இறந்துவிட்டான். சைமன் அடே என்று பெயர், முப்பத்தொரு வயது. சொந்தம் என்று யாரும் வரவில்லை. பொது மயானத்தில் புதைத்தார்கள்.

மருத்துவர் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். நான் ஏற்கவில்லை. புதிய டைரக்டரிடமிருந்து எந்தக் கைதியும் தப்ப முடியாது என்று இரண்டு பத்திரிகைகள் புகழ்ந்து எழுதியிருக்கின்றன. வெட்டி அனுப்பலாம் என்று எடுத்து வைத்தேன். அனுப்ப மனம் வரவில்லை.

அன்புடன்,
லூபர்


மக்குர்டி
ஜூன் 3

லூபர்,

நீயும் டூஷிமாவும் சுகம் என்று படித்தேன்.

உன் கடிதம் வந்து நான்கு நாள் ஆகிறது. மூன்று தடவை பதில் எழுதிக் கிழித்தேன். இதை அனுப்பிவிடுகிறேன்.

அந்த சைமன் அடேயின் கோப்பில் ஒரு படம் இருக்கும். பாஸ்போர்ட்டிலும் இருக்கும். நீ பார்த்தாயா? டைரக்டர் எல்லாக் கோப்பையும் பார்ப்பதில்லை என்று எனக்குத் தெரியும். இதை மட்டும் பார். வேறு யாரையும் அனுப்பாமல், நீயே எடுத்து.

பார்த்துவிட்டு எனக்கு எழுது.

கஷிமானா


மக்குர்டி
ஜூலை 11

அன்புள்ள லூபர்,

உடம்பு எப்படி? ஆறு வாரமாக உன்னிடமிருந்து எழுத்து இல்லை. பெட்ரோல் கிடைக்காததால் தபால் வண்டிகள் ஓடவில்லை என்கிறார்கள். அதுதான் காரணம் என்று வைத்துக்கொள்கிறேன். பல்கலைக்கழகமும் வேலைநிறுத்தத்தில் மூடிக்கிடக்கிறது. வீட்டில் இருக்கிறேன்.

தெருக்காரர்கள் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். டெர்னா எப்போது வருவான் என்று கேட்கிறார்கள். நான் வாங்கி வைத்துக்கொள்கிறேன். அவன் விட்டுப்போனதையும் சேர்த்து இப்போது என் வீட்டில் ஏழு ரேடியோ இருக்கிறது.

டெர்னாவைப் பற்றி உனக்கு ஏதாவது தெரிந்தால் எழுது. நல்ல செய்தியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

அக்கா


லாகோஸ்
ஆகஸ்ட் 19

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்கு மன்னியுங்கள். மலேரியா. இப்போது பரவாயில்லை. நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீங்கள் சொன்னபடி கோப்பைப் பார்த்தேன்.

வேலை அதிகம். இந்த வருடம் பிடிபட்ட சரக்கு போன வருடத்தைவிட நான்கு மடங்கு. அடுத்த மாதம் எனக்குப் பதவி உயர்வு வரலாம் என்று பேச்சு இருக்கிறது. மழை விட்டதும் ஊருக்கு வருகிறேன். அதுவரை யாரையும் லாகோஸுக்கு அனுப்ப வேண்டாம். முக்கியமாக மாமாவை.

பார்க்கச் சொன்னது ஏன் என்று நீங்கள் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

லூபர்


மக்குர்டி
செப்டம்பர் 6

லூபர்,

உன் மலேரியா குணமாகட்டும். என்னைப் பற்றிக் கேட்டிருந்தாய். நடமாடுகிறேன்.

நேற்று அக்பெர் மாமா வந்தார். சேவலோ புருகுத்தோ எதுவும் கொண்டுவரவில்லை. வாசல் நாற்காலியில்கூட உட்காரவில்லை.

“கஷிமானா, பையன் எங்க?” என்றார்.

லாகோஸில் என்றேன். லாகோஸில் யார் வீட்டில் என்றார். சிநேகிதன் வீட்டில் என்றேன். சிநேகிதனுக்குப் பேர் இல்லையா என்றார். அறைக்குள் வரிசையாக இருந்த ரேடியோக்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நீ படிச்சவ. பொய் சொன்னா நல்லாத்தான் சொல்லுவே. ஆனா எங்க அக்கா மூஞ்சி உனக்கு. அந்த மூஞ்சியில பொய் நிக்காது. பையன் உசுரோட இருக்கானா, இல்லையா? அதை மட்டும் சொல்லு.”

இல்லை, மாமா என்றேன். மே மாதத்துக்குப் பிறகு அதை வாய்விட்டு நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் அழவில்லை. வேலிக்கு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். “எங்க பொண்ணு பெத்த பிள்ளை. அவனை எங்க வச்சிருக்கீங்க? கேள்வி கேக்க எனக்கு ஒரு உடம்பு வேணும்” என்றார். தாய்வழியினர் வந்து, எங்கள் பிள்ளையைக் கொன்றது யார் என்று கேட்காமல், அதற்குப் பதில் வராமல், நம்மவர் யாரையும் மண்ணுக்குள் வைத்ததில்லை. அப்பாவுக்கும் கேட்டார்கள், அம்மாவுக்கும் கேட்டார்கள். டெர்னாவை மட்டும் யாரும் கேட்காமல் வேறொருவன் பெயரில் வைத்திருக்கிறோம். அவன் அங்கே அந்நியனாகக் கிடக்கிறான்.

இனி நீ எழுதாததை நானே எழுதிவிடுகிறேன். சைமன் அடே என்று ஒருவன் கிடையாது. இவரை எட்டு வருடமாக அறிவேன், பெயர் சைமன் அடே என்று சான்று எழுதி, துறை முத்திரை வைத்துக் கையெழுத்துப் போட்டவள் நான். ஆவணம் என்றால் முதலில் கையெழுத்து யாருடையது என்று பார்க்க வேண்டும் என்று வகுப்பில் வருடா வருடம் சொல்கிறவள். தொழிற்சாலை வேலை என்றான். நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். விசாரிக்கவில்லை. உன்மேல் எனக்கு இருந்த கோபத்தில் போட்டேன் என்பதுதான் அதைவிட உண்மை. கிழங்கு விழுங்குவதைப் பற்றி அவன் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தான். அதைப் படித்துச் சிரித்தேன்.

அந்தச் சனிக்கிழமை மேடையில் நான் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். நீ எழுதும்போது பேனா எழுதவில்லை. என் பேனாவைக் கொடுத்தேன்.

அவனை அவன் பெயரில் கொண்டுவா. அதற்கு ஒரு தாளில் நீ கையெழுத்துப் போட வேண்டும். இறந்தவன் யார், அவனுக்கு நீ என்ன உறவு என்று அதில் எழுத வேண்டியிருக்கும். எழுதினால் உனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

உன் அக்கா


லாகோஸ்
அக்டோபர் 2

அக்கா,

நீங்கள் நடமாடுவதாக எழுதியிருந்தீர்கள். நானும் அப்படித்தான்.

ஜூன் ஆறாம் தேதி கோப்பைத் திறந்தேன். அதற்குப் பிறகு எத்தனை கடிதம் எழுதினேன் என்று சொல்வதில் பயனில்லை. ஒன்றும் தபாலில் சேரவில்லை. தினமும் அலுவலகம் போனேன். பிடித்தேன். பேட்டி கொடுத்தேன். ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. வேலை செய்தால் போய்விடும் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

அன்று காவலில் இருந்தவனைக் கூப்பிட்டு விசாரித்தேன். ஏன் விசாரிக்கிறேன் என்று அவனுக்குத் தெரியாது. புதிய டைரக்டர் கண்டிப்பானவர், அதனால் என்று நினைத்திருப்பான். கைதி சனிக்கிழமை காலையிலிருந்து சுருண்டு கிடந்தான் என்றான். மருத்துவர் பக்கத்தில் உட்கார்ந்து, உனக்கு யாரையாவது தெரியுமா, செல்வாக்குள்ள ஆள் யாராவது, டைரக்டரிடம் பேசிக் கையெழுத்து வாங்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

என் பெயரை ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும், அக்கா. அந்தக் கதவைச் சுவரோடு பெயர்த்துத் திறந்திருப்பார்கள். அவன் சொல்லவில்லை. காவலன் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறான், கைதி கேலி பேசினான் என்று. கைதி சொன்னது இது: “டைரக்டருக்கு இன்னைக்கு ஊர்ல விசேஷம். அவரைக் கூப்பிடாதீங்க.”

இவன் தேதியெல்லாம் தெரிந்து வைத்திருக்கிறானே என்று அறையில் எல்லோரும் சிரித்தார்களாம்.

நான் அவனுக்கு வேலை கொடுக்கவில்லை. அது சரி என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஏழாம் உத்தரவும் சரி என்றுதான் நினைக்கிறேன். இரண்டும் சரியாக இருந்து எப்படி இப்படி ஆனது என்று புரியவில்லை. நீங்கள் படித்தவர்கள், யோசித்துச் சொல்லுங்கள். உங்கள் கையெழுத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கோப்பில் அதையும் பார்த்தேன். முதல் நாளே பார்த்தேன். அந்தத் தாளை எடுத்துவிட்டேன். என் வேலைக்காலத்தில் நான் கோப்பிலிருந்து எடுத்த ஒரே தாள் அது. என்னிடம்தான் இருக்கிறது.

மேலிடத்தில் ஒருவரிடம் மட்டும் சொன்னேன். அவர் நல்ல மனிதர். கதவைச் சாத்திவிட்டு, “ஜெனரல், செத்தவன் செத்துட்டான். சைமன் அடேயாவே இருக்கட்டுமே. இன்னும் ரெண்டு வருஷம், அதுக்கப்புறம் நீங்க எங்கயோ போயிடுவீங்க” என்றார். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். யோசிக்கவும் செய்தேன். அதையும் உங்களிடம் மறைக்கவில்லை.

லூபர்


மக்குர்டி
அக்டோபர் 21

அன்புள்ள லூபர்,

உன் உடம்பைப் பார்த்துக்கொள். முட்டிவலி தவிர எனக்கு ஒன்றுமில்லை.

அவன் உடலைக் கொண்டுவரும் வண்டி நாளைக் காலை பொகோ வந்து சேரும் என்று படை முகாமிலிருந்து ஆள் வந்து சொன்னான். நீ வருவாயா என்று கேட்டேன். தெரியாது என்றான். நீ கையெழுத்துப் போட்டுவிட்டாய் என்பது மட்டும் அதிலிருந்து தெரிகிறது. எந்தப் பெயருக்குப் போட்டாய் என்பது வண்டி வந்தால்தான் தெரியும். நீ யோசிக்கிறேன் என்று எழுதிய பிறகு எனக்கு உறுதியாக எதுவும் சொல்லத் தெரியவில்லை. தவறாக நினைக்காதே.

எப்படி இப்படி ஆனது என்று கேட்டிருந்தாய். மூன்று வாரமாக யோசித்தேன். எனக்கும் தெரியவில்லை.

ஏழு ரேடியோவையும் அதனதன் வீட்டில் கொடுத்துவிட்டேன். இரண்டைத்தான் அவன் முடித்து வைத்திருந்தான். இன்று மாலை பொகோவுக்குக் கிளம்புகிறேன். இந்தக் கடிதத்தை ஒட்டாமல் எடுத்துப் போகிறேன். நாளைக்கு நடப்பதையும் எழுதி அனுப்புகிறேன்.

பொகோ
அக்டோபர் 22

காலை பத்தரைக்கு வண்டி வந்தது. துத்தநாகத் தகடு அடித்த பெட்டி. ஒரு சார்ஜென்ட், ஒரு ஓட்டுநர். நீ வரவில்லை. உன்னைத் தலைநகருக்கு வரச் சொல்லி உத்தரவு வந்திருப்பதாக சார்ஜென்ட் சொன்னார். என்னிடம் ஒரு உறையைக் கொடுத்தார்.

மே மாதம் உனக்கு மேடை போட்ட அதே மாமரத்தடியில்தான் எல்லோரும் உட்கார்ந்தார்கள். அப்பா வழிக்காரர்கள் ஒரு பக்கம், மாமா வழிக்காரர்கள் ஒரு பக்கம். பெட்டி நடுவில். மாமா எழுந்து கேட்டார்: “எங்க பிள்ளையைக் கொன்னது யாரு?”

பதில் சொல்ல வேண்டியவர்கள் அப்பா வழிக்காரர்கள். அவர்களுக்குத் தெரியாது. சார்ஜென்ட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உறையைப் பிரித்தேன். உடலை ஒப்படைக்கும் படிவம். இறந்தவரின் பெயர் என்ற இடத்தில் சைமன் அடே என்பதை அடித்துவிட்டு டெர்னா என்று நம் அப்பா பெயரோடு சேர்த்து எழுதியிருந்தாய். பெற்றுக்கொள்பவருக்கு என்ன உறவு: தம்பி. இறப்புக்குக் காரணம் என்ற இடத்தில் உன் கையெழுத்தில் இரண்டு வரி இருந்தது. நம் மொழியில் மாற்றி உரக்கப் படித்தேன்: “ஏழாம் உத்தரவின்படி மருத்துவமனைக்கு அனுப்ப அனுமதி மறுக்கப்பட்டது. மறுத்தவர், கீழே கையொப்பமிட்டவர்.”

“ஏழாம் உத்தரவு யாரோடது?” என்றார் மாமா.

“லூபரோடது.”

“கீழ கையெழுத்து?”

“அதுவும் அவன்தான்.”

மாமா பெட்டியைப் பார்த்தார். “வேற பேருல போனானே. அந்தப் பேரு யாரு குடுத்தது?”

நீ அந்தத் தாளை எடுத்துவிட்டாய். என் பெயர் எங்கேயும் இல்லை. அந்தக் கூட்டத்தில் பெண்களை யாரும் கேட்பதில்லை, நான் அங்கே படிவம் படிக்க நின்றவள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

“நான், மாமா” என்றேன்.

அவர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் நீ இல்லாத இடத்தை, உன் நாற்காலி இருந்த இடத்தைப் பார்த்தார். “சரி. கேட்டாச்சு” என்றார். பிறகு இளவட்டங்களைப் பார்த்து, “தோண்டுங்க” என்றார். அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்தோம். மழை இல்லை.

நாலு மணிச் செய்தியை யாரோ வைத்தார்கள். உடனடியாக ஓய்வளிக்கப்படும் அதிகாரிகள் என்று ஒன்பது பெயர் வாசித்தார்கள். உன்னுடையது ஆறாவது. காரணம் எதுவும் சொல்லவில்லை. ரேடியோ கரகரத்ததால் மாமாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை. என்ன சொல்றான் என்று என்னைக் கேட்டார்.

“லூபர் வீட்டுக்கு வர்றான், மாமா” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு, சமையல் நடந்த பக்கம் திரும்பி, நீ வந்ததும் சூடாக இடித்துத் தர, உனக்கு ஒரு கிழங்கை இடிக்காமல் எடுத்து வைக்கச் சொன்னார். எடுத்து வைத்திருக்கிறார்கள்.

கஷிமானா